சும்மா வந்த பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

பூட்ஸைக் கழற்றி வாசல் படியில் தட்டினேன். உடனே கீழ் வீட்டிலிருந்து அக்காவின் குரல்: "படிக்கட்டு பூரா மண்ணு! இது வீடா, வயலா?"

நான் மாடியில், அக்காவும் மாமாவும் கீழே. இருப்பது ஒரே படிக்கட்டு. எங்கள் சண்டையும் சமாதானமும் அதில்தான் ஏறி இறங்கும்.

"உன் பள்ளிக்கூடத்து மண்ணுதான்க்கா. கூட்டித் தள்ளாதே, பத்திரமா எடுத்து வை" என்றேன். சிரித்துவிட்டாள். ஒரு வாரமாகவே அவள் குஷியாகத்தான் இருக்கிறாள்.

மூடிக் கிடக்கிற உலோகத் தொழிற்சாலை நிலத்தை நகரசபை வழியாக அக்காவின் பள்ளிக்கு இலவசமாகக் கொடுக்கிறார்களாம். அக்கா அங்கே தலைமையாசிரியை. இப்போதுள்ள கட்டடத்தில் மழை பெய்தால் ஒரு வகுப்பு முழுக்க வராந்தாவுக்குக் குடிபெயரும். காலையில் பாதிப் பிள்ளைகள், மதியம் மீதிப் பிள்ளைகள். புது இடத்தில் எந்த வகுப்பு எந்தப் பக்கம் என்பதுவரை அவள் மனதுக்குள் கட்டி முடித்துவிட்டாள். நிலம் சுத்தம் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் போதும்.

அந்த ரிப்போர்ட்டுக்காக மண்ணும் தண்ணீரும் எடுக்கிற வேலை எங்கள் லேபுக்கு வந்தது. எங்கள் லேபில் வெயிலில் போய் எடுக்கிற ஆள் நான். அக்கா பள்ளிக்கான நிலம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று தலைவரிடம் சொல்லித்தான் பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். சம்பள உயர்வு? பாக்கலாம். ஃபேன் சுத்தலை? பாக்கலாம். லேபில் எல்லோரும் அவரை 'பாக்கலாம்' என்றே சொல்கிறோம். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். கடைசியில் நானேதான் போனேன்.

இன்று மண். துளை போட போர்க்காரர் வந்திருந்தார். சண்டைக்காரர் இல்லை, போர் போடுகிறவர். சண்டை போடுகிற ஆள் நான்.

எண்ணெய்ப் பிசுக்கான உலோகத் துண்டுகளைக் கழுவின கொட்டகை இருந்த இடத்தில் துளை போட்டோம். மேல்மண் சாதாரணம். களிமண் தொடங்கின இடத்திலிருந்து குழாயை உருவினதும் ஒரு வாசனை. தித்திப்பாக, ஆஸ்பத்திரி அறையில் யாரோ சர்க்கரையைக் கொட்டின மாதிரி. போர்க்காரர் குனிந்து மோந்து பார்க்கப் போனார்.

"மூஞ்சியை எடுங்க!" கத்திவிட்டேன்.

"நல்லாத்தானேம்மா இருக்கு வாசனை?"

நன்றாக இருப்பதுதான் எனக்குப் பயம். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. மூக்கு சொல்வதை வைத்து யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. மெஷின் சொல்லட்டும்.

மார்ச் 4, புதன்

நாளைக்குத் தண்ணீர். பாட்டில்கள் தயார்.

சும்மா பாட்டில் இரண்டு நிரப்பினேன். மற்றவர்கள் அதை பிளாங்க் என்பார்கள். சுத்தமான தண்ணீரை லேபிலேயே நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் மற்ற பாட்டில்களோடு அனுப்புவது. அது சும்மா போகும், திறக்காமல் சும்மா வரும். வந்ததும் மெஷினில் போட்டால் ஒன்றுமில்லை என்று காட்டவேண்டும். ஏதாவது காட்டினால் அழுக்கு நம் பெட்டியிலோ கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். கூட வந்த பாட்டில் எல்லாம் சந்தேகக் கேஸ். என் வழக்கம், ஒன்று என்னோடு வரும், இன்னொன்று லேப் ஃப்ரிட்ஜில் தூங்கும்.

இதற்கென்று சீல் வைத்த கேன் தண்ணீர் வாங்குவோம். கேன் காலி. புதுசு வரவில்லை. லேபில் காய்ச்சி வடிக்கிற தண்ணீரையே பிடித்துக்கொண்டேன். காய்ச்சி வடித்ததைவிடச் சுத்தம் உண்டா என்ன?

மார்ச் 5, வியாழன்

இன்று இஸ்திரி வந்தார்.

தொழிற்சாலைக்காரர்களின் கன்சல்டன்ட். அந்தப் புழுதிக்காட்டில் நின்றாலும் சட்டை மடிப்பு கலையவில்லை. பெயர் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார். எனக்கு இஸ்திரிதான் மனதில் நின்றது. அவருக்கு எல்லாமே அவசரம். நிலத்தைக் கொடுத்துவிட்டால் அதன் தலைவலியும் கைமாறிவிடும் இல்லையா, பின்னே அவசரம் இல்லாமல்?

துளையில் குழாய் இறக்கின டெஸ்ட் போரில் தேங்கி நிற்கிற தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டவேண்டும். புதுசாக ஊறி வருவதைத்தான் பிடிக்கவேண்டும். நாங்கள் தேடுகிற சரக்கு, அந்த எண்ணெய் கழுவுகிற திரவம், காற்றுப் பட்டால் பறந்துபோகும். தேங்கின தண்ணீரைப் பிடித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும். எவ்வளவு வசதி!

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாட்சைப் பார்த்தார். "தண்ணி தண்ணிதானே மேடம், எடுத்துடலாமே."

"சட்டை சட்டைதானே சார், அப்படியே கசங்கலா போட்டுட்டு வந்திருக்கலாமே."

போர்க்காரர் இருமுகிற மாதிரி சிரித்தார். இஸ்திரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த யோசனையோடு வந்தார். எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்பலாமாம். வேலை மிச்சமாம். போன தடவை இதே நிலத்தில் அப்படித்தான் செய்தார்களாம், ரிப்போர்ட் பிரமாதமாக வந்ததாம்.

"ஒரு ஸ்பூன் உப்பை ஒரு டாங்க் தண்ணியில கரைச்சுட்டு உப்பே இல்லைன்னு எழுதறதுக்கா? முடியாது."

"இல்ல மேடம், ஒரு ஐடியாதான்."

"எனக்கும் நிறைய ஐடியா இருக்கு சார். சொன்னா நல்லா இருக்காது."

அப்புறம்தான் பிடித்தேன். பாட்டிலைச் சாய்த்து, தண்ணீரைச் சுவரோடு மெதுவாக இறக்கி, விளிம்புக்கு மேலே உப்பி நிற்கும்வரை நிரப்பி, அப்படியே மூடவேண்டும். மூடினதும் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி. குமிழிக்குள் சரக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். இன்று இரண்டு முறை கொட்டினேன். இஸ்திரி பெருமூச்சு விட்டார். விடட்டுமே.

மார்ச் 6, வெள்ளி

மாமா பாத்திரத்தோடு மேலே வந்தார். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அப்படி நின்றால் கீழேயிருந்து உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"உங்கக்கா கேக்கச் சொன்னா... எல்லாம் சரியா இருக்கும்ல?"

"பாக்கலாம் மாமா."

சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தலைவர் நோய் ஒட்டிக்கொண்டுவிட்டது!

மார்ச் 11, புதன்

வந்துவிட்டது. கொட்டகைப் பக்கத்து போரில் அந்தத் திரவம் இருக்கலாம் என்கிற அளவைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறது. களிமண்ணிலும்தான். பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைக்கிற நிலமே இல்லை அது. தரையிலிருந்து ஆவியாக வகுப்புக்குள் ஏறும்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வேன்?

அதை யோசிக்கக்கூட விடவில்லை. தலைவர் மெஷின் அறையிலிருந்து கூப்பிட்டார். எங்கள் சின்ன லேபில் மெஷினை ஓட்டுவதும் அவர்தான். திரையைக் காட்டினார். சும்மா பாட்டில். கோட்டில் சின்னதாக ஒரு மேடு. அதே திரவம்.

"இது எப்படிம்மா?"

இத்தனை வருடத்தில் என் சும்மா பாட்டில் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

மார்ச் 12, வியாழன்

லேபில் மீட்டிங். இஸ்திரி இன்று நீலச் சட்டை. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, அவருக்கே பள்ளிக்கூடம் கிடைத்த மாதிரி.

"சுத்தத் தண்ணின்னு நீங்களே நிரப்பின பாட்டில்லயே இருக்குன்னா, மத்த பாட்டிலை நாங்க எப்படி மேடம் நம்பறது? அழுக்கு மண்ணுல இல்ல. உங்க பெட்டியில இருக்கு."

"போர்ல இருக்கறது குடம் குடமா. இதுல இருக்கறது துளி."

"விதி விதிதானே மேடம்? நீங்கதானே விதியெல்லாம் கரெக்டா பாக்கறவங்க?"

வயிற்றெரிச்சலே அதுதான். அவர் சொன்னது சரி. வேறொருவர் பாட்டிலாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக.

முடிவு: எங்கள் சாம்பிள் அத்தனையும் செல்லாது. என்னை இந்த வேலையிலிருந்து எடுத்தாயிற்று. புதுசாக எடுக்க நேரமில்லை என்று, அந்தப் பழைய கலவைமண் ரிப்போர்ட்டையே 24ஆம் தேதி நகரசபைக் கூட்டத்தில் வைக்கப்போகிறார்கள். அன்றே நிலம் பள்ளிக்கூடத்துக்கு.

தலைவரைப் பார்த்தேன். மேஜையைப் பார்த்துக்கொண்டு "பாக்கலாம்" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

அழவில்லை. வெங்காயம்கூட நறுக்கவில்லை.

மார்ச் 14, சனி

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. படியேறி வந்தாள், எனக்கு ஆறுதல் சொல்கிற முகத்தோடு. அதுதான் தாங்கவில்லை.

"விடுடி. யாருக்கும் கை தவறும். நல்லவேளை, அதனால நிலம் போகலை."

"நல்லவேளையா? அந்த போர்ல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"உன் பாட்டில்தான் சரியில்லைன்னு சொல்றாங்களே."

"பாட்டில் சரியில்லைன்னா மண்ணு சுத்தம்னு ஆயிடுமா? தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சுன்னா ஜுரம் இல்லைன்னு அர்த்தமா?"

"கத்தாதே. நீ மண்ணை மோந்து பாக்கறே. நான் ஒரு பெஞ்சுல அஞ்சு புள்ளைங்க இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாக்கறேன், தினமும். உனக்கு ஒரு தப்பை ஒத்துக்க மானம் போகுது, அதுக்கு என் பள்ளிக்கூடம்தான் கிடைச்சுதா?"

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மானமா? மானம்தானா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதுவும் இருக்கிறது, இல்லை என்று ஏன் பொய் சொல்லவேண்டும்? ஆனால் அந்தத் தித்திப்பு வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. அது என் மானத்தின் வாசனை இல்லை.

மார்ச் 16, திங்கள்

அட, முட்டாளே. முட்டாளே. முட்டாளே. ஃப்ரிட்ஜில் ஒன்று தூங்குகிறதே!

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. வாயைக்கூட சரியாகக் கொப்பளிக்காமல் ஓடினேன். என்னோடு வராத சும்மா பாட்டில். தொழிற்சாலைப் பக்கமே போகாதது. ஐஸ் பெட்டியைக்கூடப் பார்க்காதது. பெட்டியில்தான் அழுக்கு என்றால் அதில் ஒன்றும் இருக்கக்கூடாது.

தலைவரிடம் நீட்டினேன்.

"எதுக்கும்மா இப்ப... அந்த ஃபைலை மூடியாச்சு."

"ஓட்டுங்க சார்."

"பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல சார். இப்ப பாருங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

நின்றேன். ஓட்டினார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதே இடத்தில் அதே மேடு, அச்சு அசலாக.

ஆக, பெட்டியில் இல்லை. என் கையில் இல்லை. பாட்டிலில் ஊற்றின தண்ணீரில் இருக்கிறது. ஊற்றினது லேபில் காய்ச்சி வடித்த தண்ணீர். காய்ச்சினது லேப் போர் தண்ணீரை. காய்ச்சி வடித்தால் உப்பு நின்றுவிடும். இந்தச் சரக்கு நிற்காது. தண்ணீருக்கு முன்னால் ஆவியாகி ஏறி, அந்தப் பக்கம் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும். இதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். கேன் காலியான அன்று மட்டும் மறந்துபோனேன்.

தலைவர் நேராகக் குழாயில் பிடித்து அதையும் ஓட்டினார், நான் சொல்லாமலே. இருந்தது. இன்னும் கூடுதலாகவே இருந்தது.

அப்புறம் தன் மேஜையில் ஆறிக் கிடந்த டீயைப் பார்த்தார். நானும் என் டம்ளரைப் பார்த்தேன். அந்தக் குழாயில்தான் பிடித்து, அந்தக் கெட்டிலில்தான் போட்டு... எத்தனை வருடமாக!

"நம்ம தண்ணியாம்மா?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தொழிற்சாலை மேட்டில் இருக்கிறது. லேப் பள்ளத்தில். நிலத்தடித் தண்ணீர் அங்கிருந்து இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்று எங்கள் பழைய ரிப்போர்ட்டுகளிலேயே இருக்கிறது. சைக்கிளில் போனால் மிதிக்கவே வேண்டாம், தானாக உருண்டு வரும்.

இன்று நடந்தே வந்தேன். தொழிற்சாலை வாசலில் இருந்து லேப் வாசலுக்கு. என்ன இருக்கிறது நடுவில் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒர்க்‌ஷாப், கிடங்கு, இரண்டு தெரு வீடு.

அப்புறம் அக்காவின் பள்ளிக்கூடம்.

இப்போது இருக்கிற பள்ளிக்கூடம். சொந்த போர். விளையாட்டு மைதான ஓரத்தில் வரிசையாகக் குழாய்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவி ஒருத்தர்மேல் ஒருத்தர் தெளித்துக்கொண்டு. கம்பி கேட்டுக்கு வெளியே நின்றேன்.

அக்கா அறைக்குப் போனேன். சொன்னேன். ஒரு பாட்டில் மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"முடியாது."

"அக்கா—"

"இருக்கற கட்டடம் இது ஒண்ணுதான். தண்ணி சரியில்லைன்னு புரளி கிளம்பினா நாளைக்கே இழுத்து மூடிடுவாங்க. புதுசும் இல்லை, பழசும் இல்லைன்னா புள்ளைங்களை எங்கே கொண்டு உக்கார வைப்பேன், உன் மடியிலயா? போன வாரம் அந்த நிலம் கெட்டுப்போச்சுன்னே. இந்த வாரம் உங்க லேப் கெட்டுப்போச்சுங்கறே. இப்ப என் பள்ளிக்கூடமா? பாட்டிலோட இந்த கேட்டுக்குள்ள காலை வைக்காதே."

தலைமையாசிரியைக் குரல். எழுந்து நிற்கவேண்டும் போலிருக்கும். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அந்தத் தண்ணியில ஒண்ணும் இல்லைன்னா எனக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இருந்தா? தெரியாம குடுக்கறது வேற. தெரிஞ்சுக்கமாட்டேன்னு குடுக்கறது வேற" என்றேன்.

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 19, வியாழன்

தலைவர் இன்று நழுவப் பார்த்தார். "லேப் தண்ணியே கெட்டதுன்னு வெளியே சொன்னா யாரும்மா நம்மகிட்ட சாம்பிள் குடுப்பாங்க? கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"சரி சார். அப்ப ஒரு டீ சொல்லவா? நம்ம குழாய்த் தண்ணியில?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. 24ஆம் தேதி நான் போகத்தான் போகிறேன், லேப் அடையாள அட்டையோடு போகவா, அதைக் கழற்றி உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகவா என்று கேட்டேன்.

வேறென்ன. "பாக்கலாம்."

மார்ச் 23, திங்கள்

நாளை கூட்டம். மாமா பாத்திரத்தோடு வரவில்லை. அந்த அளவுக்குச் சண்டை முற்றியிருக்கிறது என்று அர்த்தம். பிரெட் சாப்பிட்டேன்.

பயமாக இருக்கிறதா? இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பயம் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும், நான் பாட்டுக்கு ஒரு பக்கம் பேசுவேன்.

மார்ச் 24, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

நகரசபைக் கூடம் நிறைய பெற்றோர்கள். முதல் வரிசையில் அக்கா, நல்ல புடவையில். இஸ்திரி படம் போட்டுக் காட்டினார். பச்சைப் புல், கலர் கலராக வகுப்பறை. பழைய ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தைக் காட்டி, நிலம் சுத்தம் என்றார். நடுவில் ஒரு லேப் ஏதோ சொன்னது, ஆனால் அவர்கள் பாட்டிலே அசுத்தம் என்று நிரூபணம் ஆகிவிட்டது என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

எழுந்தேன்.

"அந்த அசுத்தப் பாட்டில் என்னோடது" என்றேன். கூடம் திரும்பிப் பார்த்தது. "நான்தான் நிரப்பினேன். தொழிற்சாலையில இல்ல. எங்க லேப்ல, எங்க குழாய்த் தண்ணியைக் காய்ச்சி வடிச்சு. அதே மாதிரி இன்னொண்ணு நிரப்பி வெச்சேன், அது லேபை விட்டு நகரவே இல்ல. அதுலயும் இருக்கு. எங்க குழாய்லயும் இருக்கு. மேட்டுல இருக்கற கொட்டகைக்கு அடியில இருக்கற அதே சரக்கு, பள்ளத்துல எங்க டீயில இருக்கு. என் பாட்டில் அழுக்குன்னு சார் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். அந்த அழுக்கு எங்கேருந்து வந்துதுன்னு மட்டும் அவர் கேக்கலை."

இஸ்திரி மைக்கை இழுத்தார். "எங்கேருந்து வேணா வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம். அதான் தோண்டிப் பாக்கணும்ங்கறேன். நீங்க மூடிட்டுக் கட்டடம் கட்டலாம்ங்கறீங்க."

"இது இந்த அம்மாவோட சொந்த ஆத்திரம். இவங்க லேப் தலைவரே இங்கே இருக்கார். அவரே சொல்லட்டும்."

எனக்கு அவர் வந்தது தெரியாது. கடைசி வரிசையில் இருந்தார். மெதுவாக எழுந்தார். இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"பாத்தாச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஞாபகம் வந்தவராக மறுபடி எழுந்து, "இந்தம்மா சொல்றது உண்மை. லேப் குழாயை இன்னிக்குக் காலையில மூடிட்டேன்" என்றார்.

கத்தல், கூச்சல். இரண்டு தெருக்காரர்களும் எங்கள் போரைப் பாருங்கள் என்று எழுந்து நின்றார்கள். முடிவெடுக்காமல் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 25, புதன்

கீழே சத்தமே இல்லை.

மார்ச் 26, வியாழன்

மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார், வெறுங்கையோடு. "உங்கக்கா இன்னிக்கு வாட்ச்மேனுக்கு முந்திப் போயிட்டாம்மா. மைதானத்துக் குழாய் எல்லாத்தையும் துணியால கட்டிட்டா. என் பழைய வேட்டியைக் கிழிச்சு! புள்ளைங்களை வீட்டுலேருந்து தண்ணி கொண்டு வரச் சொல்லியாச்சு. ஏன்னு கேட்டவங்ககிட்ட, நான் சொல்றேன், கட்டியிருக்குன்னா குடிக்காதேன்னு அர்த்தம்னு சொன்னாளாம்."

"என்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

"இல்லை. வேட்டி போச்சேன்னு நானாத்தான் வந்தேன்."

அவர் போன பிறகு அழுதேன். நிஜமாகவே.

மார்ச் 30, திங்கள்

அக்கா வந்தாள். கையில் அவளுடைய மதியச் சாப்பாட்டுப் பை. மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஐஸ். ஐஸ் நடுவில் என்னுடைய பாட்டில்கள் இரண்டு. என் அலமாரியிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துக் குழாய்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு பீரியட் பூரா ஓடவிட்டுட்டுத்தான் பிடிச்சேன். நீதான் வருஷம் பூரா சாப்பிடறப்ப இதையே சொல்லிச் சொல்லிக் கழுத்தறுப்பியே."

ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். விரலால் தட்டினாள். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். குமிழி இல்லை.

"மூணு தடவை கொட்டினேன்" என்றாள்.

"இந்த ரெண்டாவது எதுக்கு?"

"அது சும்மா."

பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை. "கடையில வாங்கின சீல் வெச்ச தண்ணி. உன்னை மாதிரி கிடைச்ச குழாயில பிடிக்கலை."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

ஏப்ரல் 2, வியாழன்

அக்காவின் சும்மா பாட்டில்: ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்துக் குழாய்: இருக்கிறது.

தலைவர் தாளை அவள் கையிலேயே கொடுத்தார். படித்தாள். மடித்தாள். "எத்தனை பேட்ச் புள்ளைங்க குடிச்சிருக்கும்?" என்று கேட்டாள். போகும்போது வாசலில் நின்று, "மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வருவேன். ஓட்டிக் குடுக்கணும்" என்றாள். தலைவர் 'பா' என்று ஆரம்பித்து, "சரிம்மா" என்று முடித்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தொழிற்சாலை நிலத்தில் இன்று மறுபடி எடுத்தார்கள். வேறு லேப். நானும் தலைவரும் கை வைக்கக்கூடாது, பார்க்கலாம். நியாயம்தான். பள்ளிக்கூடத்தின் சார்பில் அக்கா, என் பழைய பூட்ஸில். அவள் காலுக்குப் பெரிது, நடந்தால் பொதக் பொதக்கென்று சத்தம். புதுப் பள்ளிக்கூடம் இப்போதைக்கு இல்லை. பழையதில் மழை வந்தால் இன்னும் வராந்தாதான். தண்ணீர் லாரியில் வருகிறது. அதற்காக அவள் நகரசபைக்காரர்களைப் படுத்துகிற பாட்டைத் தனியாக எழுதவேண்டும்.

அதே போர். அதே போர்க்காரர். அதே இஸ்திரி, இன்று இளமஞ்சள் சட்டை. பம்ப் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"எடுத்துடலாமே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா திரும்பினாள். காலை அசெம்பிளிக் குரல்.

"அவசரம்னா நீங்க ஓரமாப் போய் நில்லுங்க. தண்ணி ஓடட்டும்."

இஸ்திரி ஓரமாகப் போய் நின்றார். நிஜமாகவே போய் நின்றார்! போர்க்காரருக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது.

எல்லாம் பிடித்து முடித்து, அந்த லேப் பெண் ஐஸ் பெட்டியை மூடப் போனாள். அக்கா மூடியில் கையை வைத்தாள்.

"சும்மா பாட்டில் எங்கே?"

"என்ன பாட்டில் மேடம்?"

"சும்மா வந்துட்டு சும்மா போறது. அதைக் காட்டாம இந்தப் பெட்டி இங்கேருந்து நகராது."

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "பிளாங்க்" என்றேன். முகம் தெளிந்து, பெட்டியின் மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா கவிழ்த்து, தட்டி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "எந்தத் தண்ணி?" என்று கேட்டாள். சீல் வைத்த கேன் என்று பதில் வந்தது. தலையாட்டி வைத்தாள்.

சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். படிக்கட்டு முழுக்க இரண்டு ஜோடி பூட்ஸின் மண்.

"இது வீடா, வயலா?" என்று இன்றைக்குக் கத்தினது மாமா.